அமெரிக்கச் சிறுவர்களும் அரசியல் சட்டமும்

பரீட்சைக்கு முதல்நாள் நம் பிள்ளைகள் குடிமைப் பாடம் படிப்பதை அடுத்த அறையிலிருந்து கேளாத பெற்றோர் இரார். 'ராஷ்டிரபதியாவதற்கு எத்தனை வயது நிரம்பியிருக்க வேண்டும்? ராஜ்ய சபை உறுப்பினரின் பதவிக் காலம் எவ்வளவு? அடிப்படை உரிமைகள் யாவை?' என்று வாய்ப்பாடுபோல் உருப்போடுவார்கள். பரீட்சை முடிந்த மறுநாள் கேட்டால் ஒன்றும் நினைவில் இராது. இதற்காகப் பிள்ளைகளை நொந்து பயனில்லை. சரித்திரப் பாடத்தில் அரசர்களும் போர்களும் உண்டு. பூகோளத்தில் மலைகளும் நதிகளும் உண்டு. குடிமைப் பாடத்திலோ மனிதர் ஒருவரையும் காணோம். ஆளில்லாத வீட்டில் அறைகளை எண்ணிக் காட்டுவதுபோல் அந்தப் பாடம் நடந்து முடிந்துவிடுகிறது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் இந்த நோய் உண்டு. ஆயினும் அங்கே சில ஆசிரியர்கள் இதற்கு நல்ல மருந்தொன்று கண்டிருக்கிறார்கள். அதைப்பற்றி நம் வாசகர்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். அங்கே சென்று வாழும் நம்மவர் பிள்ளைகள் அதைப் படிக்கிறார்கள் என்பது ஒரு காரணம். அந்தப் பாடத்தில் வரும் வழக்குகளில் ஒன்று கடல் கடந்து நம் அண்டை மாநிலமாகிய கேரளத்துக்கே வந்து சேர்ந்தது என்பது மற்றொரு காரணம்.

முதலில் அந்தச் சட்டத்தின் அளவைக் கவனிக்க வேண்டும். 1787ஆம் ஆண்டு கோடையில் பிலடெல்பியா நகரில் கூடிய பிரதிநிதிகள் வகுத்த அரசியல் சட்டத்தில் செப்டம்பர் 17ஆம் தேதி கையெழுத்திட்டவர் 39 பேர். அதில் இருப்பவை ஏழே விதிகள். ஏறக்குறைய 4,500 சொற்கள். பிற்காலத்தில் சேர்ந்த திருத்தங்கள் 27. நம் அரசியல் சட்டமோ பிறந்தபோதே 395 விதிகளும் 8 அட்டவணைகளும் கொண்டிருந்தது. அமெரிக்கச் சட்டத்தை ஒரு மாணவன் மாலைச் சிற்றுண்டிக்குமுன் படித்து முடித்துவிடலாம். (காங்கிரஸ் என்ற சொல்லைக் கண்டதும் நம் பிள்ளைகள் கட்சியின் பெயர் என்று எண்ணிக் குழம்புவார்கள். அங்கே அது சட்டமியற்றும் இரு சபைகளுக்கும் பொதுவான பெயர்.)

சட்டம் சுருக்கமாக இருப்பதால் அதன் பொருளை நீதிமன்றத் தீர்ப்புகளில்தான் தேட வேண்டியிருக்கிறது. 'பேச்சுச் சுதந்திரத்தைக் குறைக்கும் சட்டம் எதையும் காங்கிரஸ் இயற்றலாகாது' என்ற கருத்து முதல் திருத்தத்தில் இருக்கிறது. பள்ளிச் சிறுவனுக்கு அந்தச் சுதந்திரம் உண்டா? வகுப்பறைக்குள் உண்டா? அதற்குச் சட்டத்தில் விடை எழுதப்படவில்லை. சட்டசபை செய்த சட்டம் அரசியல் சட்டத்துக்கு முரணானால் அதைச் செல்லாததாக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்பதுகூட அங்கே வெளிப்படையாக எழுதப்படாதது; 1803ஆம் ஆண்டில் பிரதம நீதிபதி ஜான் மார்ஷல் அளித்த தீர்ப்பினால் நிலைபெற்றது. ஆகவே, அரசியல் சட்டத்தைக் கற்பிப்பது என்றால் வழக்குகளைக் கற்பிப்பது என்றாகிவிட்டது.

கல்வி அங்கே மாநிலங்களின் பொறுப்பு. நாடு முழுவதற்கும் ஒரே பாடத்திட்டம் கிடையாது. மத்திய அரசின் பணம் பெறும் கல்விச் சாலைகள் யாவும் ஆண்டுதோறும் செப்டம்பர் 17ஆம் தேதியை ஒட்டி அரசியல் சட்டத்தைப்பற்றி ஏதேனும் நிகழ்ச்சி நடத்த வேண்டுமென்று 2004இல் ஒரு சட்டம் வந்தது; ஒருநாள் விழா எவ்வளவு கற்பிக்கும் என்பது நாம் அறிந்ததுதான். 2015ஆம் ஆண்டில் அரிசோனா மாநிலம் வேறொரு வழியில் சென்றது. பிற நாட்டிலிருந்து வந்து குடியுரிமை கோருவோருக்கென வைத்திருந்த 100 கேள்விகளில் 60க்கேனும் சரியான விடை எழுதினாலன்றி ஹைஸ்கூல் மாணவன் தேறமுடியாது என்று சட்டம் செய்தது. இதுவும் நம் வீட்டு அடுத்த அறையில் கேட்கும் உருப்போடலின் உறவினமே.

நாம் மெச்சும் முறை வேறு. 1972ஆம் ஆண்டில் வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துச் சட்ட மாணவர்கள் அந்நகரத்து ஹைஸ்கூல்களுக்குச் சென்று சட்டம் கற்பிக்கத் தொடங்கினார்கள். 1999இல் அதே நகரிலுள்ள அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் ஜேமி ராஸ்கின் என்ற சட்டப் பேராசிரியர், சுப்ரீம் கோர்ட்டின் நீதிபதிகளாயிருந்த தர்குட் மார்ஷல், வில்லியம் பிரென்னன் ஆகிய இருவர் பெயரால் இதே போன்றதொரு திட்டத்தை ஏற்படுத்தினார். அவர் பின்னர் மேரிலாந்திலிருந்து காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இவ்விரு முயற்சிகளும் வாஷிங்டனில் பிறந்ததில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தத் தலைநகரவாசிகள் ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையை 1961இல் நிறைவேறிய 23ஆம் திருத்தத்தால்தான் பெற்றார்கள். காங்கிரஸில் வாக்களிக்கும் உரிமை பெற்ற பிரதிநிதி அவர்களுக்கு இன்னும் இல்லை. டில்லியில் வாழும் நம் அன்பர்கள் இதைப் படித்துப் புன்னகை செய்யலாம்.

வகுப்பு நடக்கும் விதம் இது: ஆசிரியர் ஒரு வழக்கின் கதையை மட்டும் சொல்வார், தீர்ப்பைச் சொல்லமாட்டார். மாணவர்களில் சிலர் ஒரு கட்சிக்கும் சிலர் எதிர்க்கட்சிக்கும் வக்கீல்களாவார்கள். சிலர் நீதிபதிகளாக அமர்வார்கள். ஒரு பக்கம் வாதாடி முடித்தவர்களை மறுபக்கம் வாதாடச் சொல்லும் ஆசிரியர்களும் உண்டு. கடைசியில்தான் சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பும், அதற்கு மாறுபட்ட நீதிபதிகளின் கருத்தும் வாசிக்கப்படும். அதிலும் அவர்கள் பொறுக்கி எடுக்கும் வழக்குகள் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளே கட்சிக்காரர்களாயிருந்தவை. தன் வயதுடைய ஒருத்தி நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றாள் என்று கேட்டதும், தூங்கி வழிந்த பையனும் நிமிர்ந்து உட்காருவான் அல்லவா?

அவற்றுள் நம் மனத்தை மிகவும் கவர்ந்தது கொடி வணக்க வழக்கு. 1935ஆம் ஆண்டில் பென்சில்வேனியா மாநிலத்தில் மைனர்ஸ்வில் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில், மளிகைக் கடைக்காரர் ஒருவரின் மகள் லில்லியன் 12 வயதிலும், அவள் தம்பி வில்லியம் 10 வயதிலும் பள்ளியிலிருந்து விலக்கப்பட்டார்கள். அவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்துவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். கடவுளையன்றி வேறெதையும் வணங்குதல் தகாது என்பது அவர்கள் நம்பிக்கை. ஆதலால் காலையில் கொடிக்கு வணக்கம் செலுத்த மறுத்தார்கள். கோபிட்டாஸ் என்ற அவர்கள் குடும்பப் பெயரை நீதிமன்றக் குமாஸ்தாக்கள் கோபிட்டிஸ் என்று எழுதிவிட, சட்டப் புத்தகங்களில் இன்றளவும் அந்தப் பிழையே நின்றுவிட்டது. பெயர் எழுத்துக்களோடு படாதபாடு படும் நம்மவர்க்கு இது புதிதன்று.

வழக்கு 1940 ஜூன் மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டில் முடிவாயிற்று. ஐரோப்பாவில் பிரான்ஸ் விழுந்துகொண்டிருந்த நாட்கள் அவை. எட்டு நீதிபதிகள் பள்ளியின் பக்கம். ஹார்லன் ஸ்டோன் ஒருவர்தாம் குழந்தைகளின் பக்கம். தீர்ப்பை எழுதிய பெலிக்ஸ் பிராங்க்பர்ட்டர் யூதர். வியன்னாவில் பிறந்து, 1894இல் ஆங்கிலம் ஒரு சொல்லும் அறியாத சிறுவனாக அமெரிக்காவில் வந்திறங்கியவர். தம்மை ஏற்று வளர்த்த நாட்டின் கொடி, பல இனத்தவரையும் ஒன்றாகப் பிணைக்கும் கயிறு என்று அவர் உளமார நம்பினார். நாட்டின் ஒற்றுமைக்கு எது ஏற்றது என்பதை மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் முடிவு செய்யட்டும். நீதிபதிகள் குறுக்கிடலாகாது என்பது அவர் வாதம். பிழைக்க வந்தவரின் நன்றியுணர்ச்சி எத்தகையதென்று அறிந்த நம்மால் அவரை எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

ஆனால் தீர்ப்பு வெளியான பின் பல ஊர்களில் அந்தச் சமயத்தவர் தாக்கப்பட்டார்கள். மெயின் மாநிலத்தில் கென்னபங்க் என்ற ஊரில் அவர்களுடைய வழிபாட்டு மன்றம் தீக்கிரையாயிற்று. நீதிபதிகள் மனம் கலங்கினார்கள். 1942இல் மேற்கு வர்ஜினியாவின் கல்விச் சபை கொடி வணக்கத்தைக் கட்டாயமாக்க, பார்னெட் என்ற குடும்பத்துச் சிறுமிகள் பள்ளியை விட்டு விலக்கப்பட்டு, அதே கேள்வி மறுபடியும் மேலே வந்தது. முன்பு பெரும்பான்மையில் இருந்த பிளாக், டக்ளஸ், மர்பி என்ற மூவர் தாங்கள் தவறியதை ஒப்புக்கொண்டு மாறினார்கள். 1943 ஜூன் 14ஆம் தேதி, அமெரிக்கக் கொடி நாளன்று, ஆறு பேருக்கு மூவர் என்ற கணக்கில் பழைய தீர்ப்பு வீழ்ந்தது. சில உரிமைகள் வாக்கெடுப்புக்கு அப்பாற்பட்டவை, மனிதன் எதை நம்ப வேண்டும் என்று கட்டளையிட எந்த அதிகாரிக்கும் உரிமையில்லை என்று ராபர்ட் ஜாக்ஸன் எழுதினார். பிராங்க்பர்ட்டர் கடைசிவரை மாறவில்லை. உச்ச நீதிமன்றம் மூன்றே ஆண்டில் 'நாம் தவறினோம்' என்று சொல்லக்கூடும் என்பதைப் பதினான்கு வயதில் அறிந்துகொள்வது சிறிய பாடமன்று.

இந்த வழக்குத்தான் நம் நாட்டுக்கு வந்தது. 1985 ஜூலையில் கேரளத்தில், அதே சமயத்தைச் சேர்ந்த இமானுவேல் குடும்பத்துக் குழந்தைகள் மூவர் பள்ளியிலிருந்து விலக்கப்பட்டார்கள். மூத்தவர் பத்தாம் வகுப்பு. இளையவர் ஐந்தாம் வகுப்பு. தேசிய கீதம் இசைக்கப்படும்போது அவர்கள் மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை, அவ்வளவே. ஆண்டுக்கணக்கில் யாரும் அதைப் பெரிதாகக் கொள்ளவில்லை. சட்டசபை உறுப்பினர் ஒருவர் கண்ணில் பட்டு, சபையில் அவர் கேள்வி எழுப்பிய பிறகே விஷயம் பெரிதாயிற்று. ஹைகோர்ட்டு அவர்களுக்கு இடம் தரவில்லை. 1986 ஆகஸ்டு 11ஆம் தேதி நம் சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள் சின்னப்ப ரெட்டியும் தத்தும் அவர்களை மீண்டும் பள்ளியில் சேர்க்க உத்தரவிட்டார்கள். எழுந்து நிற்பதே மரியாதை, பாடியே தீரவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை என்றார்கள். அந்தத் தீர்ப்பில் மைனர்ஸ்வில் வழக்கும் மேற்கு வர்ஜினியா வழக்கும் எடுத்தாளப்பட்டிருக்கின்றன. 1947இல் நம் அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா சென்றபோது கலந்து ஆலோசித்தவர்களுள் அதே பிராங்க்பர்ட்டரும் ஒருவர் என்பதை இங்கே நினைவுகூரலாம்.

இந்தக் கதையை நம் சங்கத்து ஞாயிறு வகுப்பில், தீர்ப்பைச் சொல்லாமல், பெரிய பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தோம். 'அவன் சும்மா நின்றால் பாடுகிற எனக்கு என்ன நஷ்டம்?' என்றாள் ஒரு பெண். 'எல்லோருமே சும்மா நின்றால்?' என்றான் ஒரு பையன். அரைமணி நேரம் அறை இரண்டுபட்டது. பின்வரிசையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த, பட்டாளத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற அன்பர் ஒருவர் எழுந்தார். 'என்னோடு இருந்தவர்கள் அந்தக் கொடியைப் போர்த்திக்கொண்டு ஊர் திரும்பினார்கள் ஐயா. அதை வைத்தா குழந்தைகளுக்குத் தர்க்கம் சொல்லிக் கொடுக்கிறீர்கள்?' என்றார். அவருக்குத் தக்க பதில் சொல்ல நம்மால் இயலவில்லை. அடுத்த ஞாயிறு அவர் மறுபடியும் வந்து, பிள்ளைகளின் வற்புறுத்தலுக்கிணங்கி பிராங்க்பர்ட்டரின் பக்கத்தை அவரே எடுத்துப் பேசினார். அன்று எதிர்ப்பக்கத்துக்கு வேலை கடினமாயிற்று.

வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு இதைவிட நெருங்கிய வழக்கு ஒன்று உண்டு. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மானியர்மேல் எழுந்த வெறுப்பினால், எட்டாம் வகுப்புத் தேறாத குழந்தைக்கு ஆங்கிலமல்லாத பிற நவீன மொழியைப் பள்ளியில் கற்பித்தல் குற்றம் என்று நெப்ராஸ்கா மாநிலம் 1919இல் சட்டம் செய்தது. ராபர்ட் மேயர் என்ற ஆசிரியர் ஒரு லூதரன் பள்ளியில் பத்து வயதுப் பையனுக்கு ஜெர்மன் மொழியில் விவிலியக் கதைகளை வாசிக்கக் கற்பித்தார். 25 டாலர் அபராதம் விதித்தார்கள். அவர் கட்டிவிட்டுப் போயிருக்கலாம், கட்டாமல் வழக்காடினார். 1923 ஜூனில் சுப்ரீம் கோர்ட் அந்தச் சட்டத்தைச் செல்லாததென்றது. பிள்ளைக்கு எதைக் கற்பிப்பது என்பதில் பெற்றோருக்கும், கற்பிக்கும் தொழிலில் ஆசிரியருக்கும் சுதந்திரம் உண்டு. 14ஆம் திருத்தம் அதைக் காக்கிறது என்பது தீர்ப்பு. நீதிபதி ஹோம்ஸ் போன்ற பெருமகனார் இதை ஏற்கவில்லை. வீட்டில் வேற்று மொழியே கேட்டு வளரும் குழந்தைகள் பள்ளியிலாவது பொது மொழி பேசட்டும் என்று ஒரு மாநிலம் கருதுவதில் தவறில்லை என்றார் அவர்.

நம் அரசியல் சட்டத்தில் இவ்விஷயம் வழக்கு மன்றத்துக்குக் காத்திராமல் எழுதியே வைக்கப்பட்டிருக்கிறது. தனி மொழியுடையோர் அதைக் காத்துக்கொள்ளும் உரிமை 29ஆம் விதியில் உண்டு. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலங்கள் முயலவேண்டும் என்ற 350-ஏ விதி, மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்த 1956ஆம் ஆண்டில் ஏழாம் திருத்தத்தால் சேர்ந்தது. 'தமிழ் படித்து இங்கே என்ன ஆகப்போகிறது?' என்று கேட்கும் நம் பிள்ளைகளுக்கு மேயரின் கதையைச் சொன்னால் உடனே தமிழ் படிக்கத் தொடங்கிவிடுவார்கள் என்று நாம் சொல்லவில்லை. 25 டாலரைக் கட்ட மறுத்தவர் ஒருவர் இருந்தார் என்பதையாவது அறிவார்கள்.

குழந்தைகள் மிகவும் கோபத்தோடு கேட்கும் வழக்கு ஜெரால்டு கால்ட் என்ற 15 வயதுப் பையனுடையது. 1964இல் அரிசோனாவில், அண்டை வீட்டுப் பெண்மணியிடம் தொலைபேசியில் ஆபாசமாகப் பேசினான் என்று அவனைப் பிடித்துச் சென்றார்கள். தாயார் வேலையிலிருந்து திரும்பியபோது மகன் வீட்டில் இல்லை. வக்கீல் இல்லை, புகார் சொன்ன அம்மையார் நீதிமன்றத்துக்கு வரவேயில்லை, நடந்த விசாரணைக்குப் பதிவும் இல்லை. 21 வயது வரை சீர்திருத்தப் பள்ளியில் வைக்கலாம் என்று உத்தரவு, அதாவது ஆறாண்டு. அதே குற்றத்தை வயது வந்தவர் செய்திருந்தால் 50 டாலருக்கு மேற்படாத அபராதம் அல்லது இரண்டு மாதச் சிறைதான். இளைஞர் நீதிமன்றங்களை ஏற்படுத்தியவர்கள் கொடியவர்களல்லர். தந்தைபோல் கண்டிக்கும் இடத்தில் வக்கீல் எதற்கு என்று நினைத்தார்கள். 1967இல் சுப்ரீம் கோர்ட், சிறுவனாயினும் குற்றச்சாட்டை முன்கூட்டி அறியவும், வக்கீல் வைத்துக்கொள்ளவும், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவும், தனக்கெதிராகத் தானே பேசாதிருக்கவும் உரிமையுண்டு என்றது. தீர்ப்பை எழுதிய ஏப் போர்ட்டாஸ், நான்காண்டுகளுக்கு முன் கிதியோன் என்ற ஏழைக் கைதிக்காக அதே மன்றத்தில் வக்கீலாக நின்று வாதாடி வென்றவர்.

அவரே 1969இல் எழுதிய மற்றொரு தீர்ப்பும் புகழ்பெற்றது. வியட்நாமில் மாண்டவர்களுக்காகத் துக்கம் கொண்டாடி, அயோவாவின் டெமாய்ன் நகரில் மேரி பெத் டிங்கர் என்ற 13 வயதுச் சிறுமியும் வேறு சில மாணவர்களும் 1965 டிசம்பரில் கறுப்புப் பட்டை அணிந்து பள்ளி சென்றார்கள், விலக்கப்பட்டார்கள். பாடத்துக்குப் பெரும் இடையூறு நேராதவரையில் அது அவர்கள் உரிமை என்று ஏழு நீதிபதிகள் கூறினார்கள். மாறுபட்ட இருவரில் ஒருவரான பிளாக், ஆசிரியர் சொல்லை மாணவர் மதியாத காலம் இதனால் வரும் என்று எச்சரித்தார். கொடி வழக்கில் குழந்தைகளுக்காக மனம் மாறிய அதே பிளாக்தான் இவர்! நம்மில் பல தகப்பனார்களின் அச்சமும் அவருடையதே. ஆனால் வழக்காடிய பிள்ளைகள் எல்லாம் வென்றார்கள் என்று எண்ணவேண்டாம். நியூஜெர்ஸியில் கழிப்பறையில் புகைத்ததாகப் பிடிபட்ட 14 வயதுப் பெண்ணின் கைப்பையை உதவித் தலைமையாசிரியர் சோதித்தது சரியே என்று 1985இல் தீர்ப்பாயிற்று. போலீஸாருக்கு வேண்டிய அளவு ஆதாரம் பள்ளிக்கு வேண்டியதில்லை, நியாயமான சந்தேகம் போதும் என்றார்கள். எங்கே கோடு கிழிப்பது என்பதில் மாணவர்களின் வாதம் மிகச் சூடேறுவது இந்த வழக்கில்தான்.

வியட்நாம் போருக்கு 18 வயதில் அனுப்பலாம், வாக்களிக்க மட்டும் 21 வேண்டுமா என்ற கேள்வி 1971இல் 26ஆம் திருத்தமாக முடிந்தது. நம் நாட்டில் 61ஆம் திருத்தம் 1989இல் நடைமுறைக்கு வந்து அதே வயதை அளித்தது.

இன்னும் ஒரு திருத்தத்தின் கதை பாக்கி இருக்கிறது. 1982ஆம் ஆண்டில் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் கிரிகரி வாட்ஸன் என்ற மாணவர் ஒரு கட்டுரை எழுதினார். காங்கிரஸ் அங்கத்தினர் தமக்குத் தாமே ஊதியத்தை உயர்த்திக்கொண்டால் அடுத்த தேர்தலுக்குப் பின்புதான் அது செல்லவேண்டும் என்று ஜேம்ஸ் மாடிசன் 1789இல் ஒரு திருத்தம் கொண்டுவந்திருந்தார். போதிய மாநிலங்கள் ஒப்பாமல் அது கிடப்பில் கிடந்தது. காலக்கெடு விதிக்கப்படாததால் அதற்கு இன்னும் உயிருண்டு என்று வாட்ஸன் வாதித்தார். ஆசிரியை அளித்த மதிப்பெண் 'ஸி'. மாணவர் சும்மா இருக்கவில்லை. மாநிலச் சட்டசபைகளுக்கு ஒவ்வொன்றாகக் கடிதம் எழுதினார். 1983இல் மெயின் இசைந்தது. அடுத்த ஆண்டு கொலராடோ இசைந்தது. பத்தாண்டு இடைவிடாது எழுதியபின், 1992 மே 7ஆம் தேதி தேவையான எண்ணிக்கை நிறைந்து, மாடிசனின் வாசகம் 27ஆம் திருத்தமாயிற்று. 2017இல் அந்த ஆசிரியையே கையெழுத்திட்டுக் கொடுக்க, பல்கலைக்கழகம் அந்தப் பழைய 'ஸி'யை 'ஏ' என்று திருத்தியது.